சிவப்பு மசாலாத் தூள்

கீரையை மூடி போட்டு வேகவைத்தால் நிறம் செத்துவிடும், ஐயா. பிள்ளைகள் முதலில் கண்ணால்தான் சாப்பிடுகிறார்கள். பத்தொன்பது வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் நின்று நான் கற்றுக்கொண்டது அது.

போன வருடம் ஒரு சிப்ஸ்காரர் விளையாட்டுத் திடலோரம் கடை போட்டார். கறுத்துப்போன எண்ணெய், மேலே தூவ ஒரு சிவப்பு மசாலாத் தூள். மதிய மணி அடித்ததும் பிள்ளைகள் என் பரிமாறும் சன்னலைத் தாண்டி ஓடினார்கள். நான் சமைத்தது அண்டா அண்டாவாகக் குப்பைக்குப் போனது. சன்னலண்டை வந்த பெற்றவர்களிடம் சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. தலைமையாசிரியையிடம் மூன்று முறை முறையிட்டேன்.

"பிடிச்சதைச் சாப்பிடுறாங்க, விடுங்கம்மா. இந்த வருஷத்தோட சமையலறையவே மூடிடலாம்னு இருக்கோம்" என்றார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேலை போகிறதே என்பதற்காக அல்ல. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். குருவி என்று கூப்பிடுவேன். எலும்பும் தோலுமாக இருப்பாள். தையல் வேலைக்கு ஓடுகிற அவசரத்திலும் அவள் அம்மா சன்னலண்டை நின்று, "அக்கா, வீட்ல ஒரு வாய்கூட வாங்க மாட்டேங்கிறா. உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்பாள். நானே பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டியிருக்கிறேன். அந்தக் குருவியும் ஒருநாள் வாயோரம் சிவப்புத் தூளோடு வந்து, "பசிக்கல பெரியம்மா" என்றாள்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். நாலு பிள்ளைகளுக்கு வயிறு வலித்தால் போதும். பெற்றவர்களே கடையை எடுக்கச் சொல்லிவிடுவார்கள். சாமான் அறையில் எலிக்கு வைக்கிற பொடி இருந்தது. சிப்ஸ்காரர் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அவருடைய மசாலா டப்பாவில் கலந்தேன். கொஞ்சமாகத்தான். இத்தனை வருடம் உப்புப் போட்ட கை, அளவு தப்பாது என்று நினைத்தேன்.

பதினோரு பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பத்துப் பேர் வீடு திரும்பினார்கள். குருவியின் உடம்பில் தாங்குகிற சத்து இல்லை.

சிப்ஸ்காரரை லாக்கப்பிலிருந்து விட்டுவிடுங்கள், ஐயா. எண்ணெயை மாற்றாததைத் தவிர அவர்மேல் தப்பில்லை. கலந்தது நான்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அப்பவே சொன்னீங்களே அக்கா, நாங்கதான் கேக்கல" என்று அழுதாள். அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். பொய் எதுவும் சொல்லவில்லை, ஐயா. என் கையால் சாப்பிட்டிருந்தால் பிள்ளை உயிரோடு இருந்திருக்கும் என்று மட்டும்தான் சொன்னேன்.