நானூத்தி ரெண்டாம் நம்பர் மூடி

– கொட்டிடாதீங்க அக்கா, ஒரு நிமிஷம்! நானூத்தி ரெண்டு வாளிதானே அது? போட்டோ எடுத்துக்கறேன்.

– குப்பைக்குப் போட்டோவா? செக்ரட்டரி சார், நாலு வருஷமா இந்தக் கட்டடத்துக் குப்பையைப் பிரிக்கிறேன். என்னையே ஒருத்தரும் ஒரு போட்டோ எடுத்ததில்ல.

– நோட்டீஸ் போர்டுல ஒட்டப் போறேன், வீட்டு நம்பரோட. ஒரு தட்டுச் சாப்பாட்டைத் தினமும் முழுசாக் கொட்டுறாங்கன்னு நீங்கதானே புகார் சொன்னீங்க?

– புகார் இல்ல சார், ஆச்சரியமா இருக்குன்னேன். ஒரு வாய் கூட வைக்கல பாருங்க. வாளியைத் திறந்தாலே அந்த வீட்டு நடப்பு எனக்குத் தெரிஞ்சிடும். முன்னூத்தி ஒண்ணுல மாமியார் வந்திருந்தா உருளைக்கிழங்குத் தோல் அப்படி மெலிசா வரும்! இந்த வாளி மட்டும் பிடிபட மாட்டேங்குது.

– பிடிபட என்ன இருக்கு? திமிர். நேத்து அந்த வீட்டு நர்சம்மாவைப் படியிலயே நிறுத்திக் கேட்டேன். ராத்திரி டியூட்டி, அடுப்பே பத்த வைக்கறதில்லன்னு கண்ணு கலங்குறாங்க. அதுக்கெல்லாம் நான் மசிய மாட்டேன். ரூல்னா ரூல்தான்.

– பாவம் சார். அவங்க வாளியில டீத்தூளும் ஆரஞ்சுத் தோலும்தான் வரும். ரெண்டு வாரமாத்தான் இந்தக் கூத்து. கையே வேற கை மாதிரி இருக்கு. இருங்க, குச்சியால தள்ளிக் காட்டுறேன். கேரட்டை எப்படி வெட்டியிருக்காங்க பாத்தீங்களா? அஞ்சு இதழ் வச்சு, பூ மாதிரி! கெஞ்சிக் கெஞ்சிப் பிள்ளைக்கு ஊட்டறவங்க செய்யற வேலை. டியூட்டி முடிஞ்சு வர்றவங்களுக்கு இதுக்கு ஏது நேரம்?... சார்? போட்டோ எடுக்கலையா?

– அந்தப் பிடியில நீலக் கயிறு யார் கட்டினது?

– யாருன்னு எனக்கென்ன தெரியும்? காலையில வாளி எல்லாம் கீழ வந்து வரிசையா நிக்கும். நான் கழுவிக் கவுத்துட்டு மத்தியானமே கிளம்பிடறேன். அவங்கவங்க சாயங்காலம் வந்து எடுத்துக்கறாங்க.

– வாளியில நம்பர் கிடையாதா?

– மூடியில மட்டும்தான். நீங்கதானே பெயின்ட் அடிச்சுக் குடுத்தீங்க, அடுத்தவங்க மேல பழி போடக் கூடாதுன்னு.

– மூடி மாறியிருக்குமா?

– அதெப்படி மாறும்... அய்யய்யோ. ரெண்டு வாரம் முன்ன ஒரு நாள் மூடியை எல்லாம் சோப்புப் போட்டு மொத்தமா ஊற வச்சேனே. எல்லாம் ஒரே பச்சை.

– இப்ப டீத்தூளும் ஆரஞ்சுத் தோலும் எந்த மூடியில வருது?

– நானூத்தி ஒண்ணுல. அதான் நானும்... சார், அது உங்க வீடாச்சே!

– கயிறு எங்க பாப்பா கட்டினது. அவதான் தினமும் வாளியைத் தூக்கிட்டு வருவா. நான் சொல்லாமலே செய்யறாளேன்னு பூரிச்சுப் போயிருந்தேன்.

– கேரட்டு?

– நான்தான் வெட்டினேன்.

– நீங்களா? கூட உக்காந்து சாப்பிட மாட்டீங்களா சார்?

– தட்டை வச்சுட்டு ஆபீஸ் வேலையில உக்காந்துடுவேன். திரும்பிப் பாத்தா தட்டு காலியா இருக்கும்.

– அவங்க அம்மா?

– வேற ஊர்ல வேலை. போயி ரெண்டு வாரமாச்சு. "கவலைப்படாத, பாப்பா உன்னைத் தேடவே இல்ல, நல்லா சாப்பிடறா"ன்னு தினமும் போன்ல சொல்லிட்டிருக்கேன் அக்கா.