பிரஷைத் தேர்ந்தெடுத்தீர்களா, கையைத் தேர்ந்தெடுத்தீர்களா?

தலைமை தாங்க வந்து, தண்ணீர்கூடக் குடிக்க நேரமின்றித் தவித்துக்கொண்டிருக்கும் தமிழர் மன்றத்தின் தலைவர் சங்கரலிங்கம் அவர்களே! காரை வெளியே நிறுத்திவிட்டு, காக்கை ஏதாவது செய்துவிடுமோ என்ற கவலையோடு நாற்காலியில் வீற்றிருக்கும் சிறப்பு விருந்தினர், கம்பெனி மானேஜர் அய்யா அவர்களே! முதல் வரிசையில் முதுகு சாய இடம் பிடித்துவிட்ட மூத்தவர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடு பாயில் அமர்ந்திருக்கும் பாசத்துக்குரிய தாய்மார்களே! மதில்மேல் ஏறியிருக்கும் மாவீரர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பேச்சியம்மாளின் பணிவான வணக்கம்.

என்னை அறிமுகப்படுத்திய தலைவர், "முனிசிப்பாலிட்டியில் துப்புரவுப் பணி செய்து ஓய்வு பெற்றவர், ஐந்தாம் வகுப்பு படித்தவர்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். குறை சொல்லவில்லை. அவருக்கு மூச்சு அவ்வளவுதான். மிச்சத்தை நானே சொல்லிக்கொள்கிறேன்.

என் மூத்த பேரன் ராமர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். அரிசி மூட்டையைத் தூக்கி முதுகு வளைந்த குடும்பத்தில் பிறந்தவன், இன்று விரலசைவில் கப்பலையே காலி செய்கிறான்! அடுத்தவன் பாலையா, பி.காம். படிக்கிறான். மாநில அளவில் கேரம் ஆடிக் கோப்பை வாங்கியவன். பேத்தி லக்ஷ்மி, ஆலப்புழையில் நர்ஸ் பயிற்சி. ஊசி போட்டால் எறும்பு கடித்ததுபோலக்கூட இருக்காதாம், போட்டுக்கொண்டவர்கள் சொன்னது. இன்னொரு பேத்தி அழகம்மாள், பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. முதல் வகுப்பு! வெலிங்டன் தீவில், கப்பல்களின் வயர்லெஸ் கருவிகளைப் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. ஆம், தாய்மார்களே, இதோ அமர்ந்திருக்கும் மானேஜர் அய்யாவின் கம்பெனியில்தான்!

என்ன தம்பி? "சத்தமா பேசுங்க ஆச்சி"யா? பஜார் தெருவில் லாரிக்காரனோடு சண்டை போட்டு வளர்ந்த தொண்டை இது. மைக்கை எடுத்துவிட்டாலும் படகு ஜெட்டி வரைக்கும் கேட்கும். நீ மதிலிலிருந்து விழாமல் கேள்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, தூய்மையின் பெருமை. கம்பெனி நம் காலனிக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்திருப்பது, இதோ, சிவப்பு ரிப்பன் கட்டிய துடைப்பங்கள். தலைப்பும் துடைப்பம், பரிசும் துடைப்பம், பேச அழைக்கப்பட்டவள் துடைப்பம் பிடித்தவள்! எவ்வளவு பொருத்தம்! கல்யாணத்துக்குக்கூட இத்தனை பொருத்தம் யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே தூய்மையைப் பற்றியே பேசுகிறேன். கையகலத் தூய்மையைப் பற்றி.

வயர்லெஸ் கருவியைத் திறந்தால் உள்ளே பச்சை நிறத்தில் ஒரு பலகை இருக்கும். அதற்குச் சர்க்யூட் போர்டு என்று பெயர். அதன்மேல் செம்புக் கோடுகள், நம் மட்டாஞ்சேரிச் சந்துகளைப்போல் வளைந்து நெளிந்து, ஒன்றையொன்று தொடாமல் ஓடும். கடல் காற்றின் உப்பு பட்டதும் அங்கொரு புள்ளி, இங்கொரு புள்ளியாய்க் களிம்பு பிடிக்கும். பிடித்தால் கப்பல் ஊமை! நடுக்கடலில் ஊமையாகிவிட்ட கப்பலை யார் காப்பாற்றுவது? அந்தப் புள்ளியை மட்டும், அதன் பக்கத்து வீட்டுக்காரனைத் தொந்தரவு செய்யாமல், எடுத்தாக வேண்டும். அது ஒரு வித்தை. அதற்குக் கருவி வேண்டும்.

கருவியை யார் தேர்ந்தெடுப்பது? பிடிக்கிறவரா? பிடிக்காதவரா?

எங்கள் காலத்தில் ஒரு ஓவர்சியர் இருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, காதில் பென்சில். வத்தல் மிளகாய்க் கிடங்குத் தெருவைப் பெருக, எங்கள் ஈர்க்குத் துடைப்பங்களைப் பிடுங்கிவிட்டுப் பூந்துடைப்பம் கொடுத்தார். "பார்க்க லட்சணமா இருக்குல்ல?" என்றார். இருந்தது, லட்சணமாகத்தான் இருந்தது. வீசினோம். ஈர்க்கு தள்ளும், பூ கிளப்பும். மிளகாய்த் தூளும் மிளகுத் தூளும் மேகம்போல் எழுந்தன. செட்டி தும்மினான், சேட்டு தும்மினான், சுமைக்காரன் தும்மினான், வண்டி மாடு தும்மியது. கடைசியில் ஓவர்சியர் தும்மிய தும்மலில் காதுப் பென்சில் எகிறிச் சாக்கடையில் விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்தவளும் நான்தான். ஒளித்து வைத்திருந்த ஈர்க்குத் துடைப்பத்தால்!

சிரியுங்கள், சிரியுங்கள். மானேஜர் அய்யாவும் சிரிக்கிறார். மிகவும் சந்தோஷம். இனி அவருடைய கதை.

அழகம்மாள் நேர்முகத்துக்குப் போனாள். விளம்பரத்தில் இருந்தது டெஸ்டிங் வேலை. மீட்டரை வைத்துக்கொண்டு, பலகையில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கும் வேலை. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாளாம். அய்யா முகம் மலர்ந்ததாம். பிறகு மலையாளத்தில் கேட்டாராம்:

"வீடு எவிடெயா?"

"மட்டாஞ்சேரி, சார்."

"மட்டாஞ்சேரியில் எவிடெ?"

"முனிசிப்பல் காலனி."

"ஓ!"

அந்த 'ஓ' இருக்கிறதே, தாய்மார்களே! தமிழில் எத்தனையோ எழுத்துகள் படித்தேன். இவ்வளவு நீளமான எழுத்தைக் கண்டதில்லை. முதல் வகுப்பு டிப்ளமோ அதற்குள் விழுந்தது, மூழ்கியது, காணவில்லை. அதற்குப் பிறகு அய்யா அன்போடு சொன்னாராம்: "என்னா மோள் கிளீனிங்கில் நிந்நோ. நிங்ஙள்க்கு அது சீலமல்லே?"

அப்படியானால் மகளே, கிளீனிங்கில் நின்றுகொள், உங்களுக்கு அது பழக்கம்தானே! பழக்கமாம்! யாருக்குப் பழக்கம்? அவள் பிறந்து இன்றுவரை எங்கள் வீட்டு வாசலைக்கூடப் பெருக்கியதில்லையே! அதற்காக நான் அவளைத் திட்டாத நாளில்லையே! பிரஷ் பிடிக்கும் பழக்கம் ரத்தத்தில் வருகிறதா, அய்யா? விலாசத்தில் வருகிறதா? கவரில் ஒட்டிய ஸ்டாம்போடு சேர்ந்து வருகிறதா?

போகட்டும். கிளீனிங் என்றால் கிளீனிங். சோற்றுக்கு வந்த வேலை. கருவியாவது ஒழுங்காகக் கொடுத்தார்களா? சுவருக்கு வெள்ளையடிக்கும் அகலப் பிரஷ் ஒன்று, கம்பி பிரஷ் ஒன்று, ஒரு டின் தின்னர். பெயின்டைக் கரைக்கும் அதே தின்னர்தான். அவள் வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல் குதித்தாள்.

"அரிசி அளவு புள்ளி ஆச்சி, அதை எடுக்க ஆனை வாலைக் குடுத்திருக்காங்க!"

"வேற கேளேண்டி."

"கேட்டேன். பிரஷ்னா பிரஷ்தானேங்குறார்."

"சரி, உனக்கு என்ன வேணும்? அதைச் சொல்லு."

சொன்னாள். கேளுங்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். துடைப்பம் பிடித்த எனக்கே உடனே புரிந்தது. பிரஷ் சின்னதாக, குட்டையாக இருக்க வேண்டும். விரலால் தொட்டால் எதிர்த்து நிற்க வேண்டும். ஆனால் செம்பைக் கீறக் கூடாது. கம்பி பிரஷ் களிம்போடு கோட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். தின்னர் கூடாது, அது அழுக்கைக் கரைப்பதோடு நிற்காது. சுத்தமான ஸ்பிரிட், அதுவும் சொட்டாக. கரைந்த அழுக்கு காய்வதற்குள் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு புள்ளி பத்துப் புள்ளியாய்ப் பரவும். மூங்கில் குச்சியில் பஞ்சு சுற்றலாம். ஆனால் ஈயம் வைத்த முனைகளில் பஞ்சு நூல் மாட்டிக்கொள்ளும், அங்கே நூல் பிரியாத துணிதான். எந்த இடம், எந்த அழுக்கு, பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்த்துத்தான் எந்தக் கருவி என்று சொல்ல முடியும்.

கம்பெனி வாங்கித் தரவில்லை. அன்றே என் பேரன் பாலையாவின் புத்தம்புதுப் பல் பிரஷின் தலையைக் குட்டையாக வெட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். பாலையா, முறைக்காதே. உன் பல்லைவிடக் கப்பல் பெரிது.

அப்புறம் வந்தது அந்த நாள். கப்பல் ஒன்று கிளம்பத் தயாராகத் துறையில் நிற்கிறது. அதன் வயர்லெஸ் பலகை மேசைக்கு வந்தது. எங்கு பார்த்தாலும் பச்சைப் புள்ளி. பையில் பல் பிரஷ் இருந்தது, ஸ்பிரிட் இல்லாமல் அது என்ன செய்யும்? அழகம்மாள் மறுபடியும் கேட்டாள். "பிரஷ் உள்ளதல்லே? அது மதி" என்றார் அய்யா. இருப்பதே போதுமாம்!

அழகம்மாள் அகலப் பிரஷை மேசையில் வைத்தாள். "இதால தொட்டா கெட்டுப்போகும் சார். நான் தொட மாட்டேன்."

வேலை போகும் என்று தெரிந்தும் சொன்னாள்! மாதச் சம்பளம் போகும், தீவுக்குப் போகும் படகுப் பயணம் போகும், பாலிடெக்னிக்கில் படித்ததெல்லாம் வீண் என்று ஊர் சிரிக்கும், எல்லாம் தெரிந்தே சொன்னாள்!

உடனே டெஸ்டிங் மேசைக்காரர்களுக்கு உத்தரவு. யாருக்குப் பிரஷைத் தொட மனம் வரும்? இவர் அவரைப் பார்த்தார், அவர் கூரையைப் பார்த்தார். கடைசியில் அகப்பட்டவர் எஞ்சினீயர் வாஞ்சிநாதன். பாலக்காட்டுப் பிள்ளை, நல்ல பிள்ளைதான். "இதுக்கு என்னத்துக்கு இத்தனை ஆலோசனை?" என்று சொல்லி, தின்னரை எடுத்து அபிஷேகம் செய்தார்.

அந்தப் பலகையில் சின்னச் சின்ன உருளைகள் உண்டு. எது என்ன அளவு என்பதை அவற்றின்மேல் போட்ட வண்ண வளையங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்களாம். தின்னர் பட்டது. சிவப்பு போயிற்று, மஞ்சள் போயிற்று. நெற்றியில் ஒன்றுமில்லாமல் எல்லா உருளையும் ஒரே முகம்! பதறிப்போய்க் கம்பி பிரஷை எடுத்தார். களிம்பு போயிற்று. கூடவே செம்புக் கோடும் போயிற்று. கப்பல்காரர் வாசலில் நின்று கத்துகிறார்.

இப்போது அய்யாவின் குரல் இனித்தது. "அழகம்மாளே, ஒந்நு நோக்கு மோளே."

கொஞ்சம் பார் மகளே என்கிறார்! அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "சுத்தம் பண்ண மாட்டேன் சார். எங்கே அறுந்திருக்குன்னு பார்த்துச் சொல்றேன். மீட்டரைக் குடுங்க."

மீட்டர் கைக்கு வந்தது. அறுந்த கோட்டைக் கண்டுபிடித்தாள், டெஸ்டிங் மேசைக்காரர்கள் ஈயம் வைத்து ஒட்டினார்கள். முகமிழந்த உருளைகளை ஒவ்வொன்றாய் அளந்து பெயர் சொன்னாள். மிச்சமிருந்த புள்ளிகளைத் துடைத்தது யார்? வாஞ்சிநாதன்! எதால் துடைத்தார்? பாலையாவின் பல் பிரஷால்! முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட் வந்தது. அவள் பக்கத்தில் நின்று சொன்னாள்.

"தேய்க்காதீங்க சார், தட்டுங்க. இப்போ ஒத்தி எடுங்க."

"சரியா பண்றேனோ? நேக்குப் பழக்கமில்லையே."

"பழகிடும், கோட்டை மட்டும் விட்டுருங்க."

கப்பல் பேசிக்கொண்டே கிளம்பியது!

கை தட்டாதீர்கள், கதை முடியவில்லை. காலண்டருக்குப் படம் எடுக்கப் போட்டோக்காரர் வந்தார். அய்யாவே எல்லோரையும் வரிசைப்படுத்தினார். "வாஞ்சிநாதன் மீட்டர் பிடிச்சோ. அழகம்மாள் பிரஷ் எடுத்தோ." அவர் மீட்டர் பிடிக்க வேண்டுமாம், இவள் பிரஷ் எடுக்க வேண்டுமாம்! அந்தப் படம் இன்று கம்பெனி வாசலில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் பார்த்துத் தலையாட்டுகிறார்களாம். அவரவர் கையில் அவரவருக்கு உரியது! என்ன ஒழுங்கு! என்ன அழகு! என்ன பொய்!

எங்களுக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். அழகம்மாள் அதை அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறாள். டின் ஆடாமல் நிற்கிறது; அந்த அளவுக்கு உபயோகம்.

அந்த வாஞ்சிநாதன் இப்போது மஸ்கட்டுக்குப் போகிறார். டெஸ்டிங் நாற்காலி காலியாகிறது. அழகம்மாள் கேட்டாள். வாஞ்சிநாதனே, "அவளுக்குக் குடுங்கோ சார்" என்று சொன்னாராம். அய்யா சொன்ன பதில்: "நோக்காம்." பார்க்கலாமாம். முதலில் 'ஓ', இப்போது 'நோக்காம்'. பார்த்துக்கொண்டே இருந்தால் நாற்காலியில் கறையான்தான் உட்காரும்.

மானேஜர் அய்யா, உங்களிடம் ஒரே கேள்வி. நீங்கள் அந்தப் பலகைக்காகப் பிரஷைத் தேர்ந்தெடுத்தீர்களா, அந்தப் பிரஷுக்காக ஒரு கையைத் தேர்ந்தெடுத்தீர்களா? அகலப் பிரஷால் அரிசிப் புள்ளியைத் துடைத்தால் பக்கத்துக் கோடெல்லாம் கெடும் என்று அவள் சொன்னாளே, நீங்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது எந்தப் பிரஷை எடுத்தீர்கள்? ஒரு காலனி முழுவதையும் ஒரே வீச்சில் துடைக்கிற அந்த 'ஓ'வை அல்லவா எடுத்தீர்கள்!

சங்கரலிங்கம் அண்ணன் என் புடவையை இழுக்கிறார். இழுக்காதீர்கள், கிழிந்தால் நீங்கள்தான் வாங்கித் தர வேண்டும். முடித்துவிடுகிறேன்.

இந்தத் துடைப்பங்களை நான் பெற்றுக்கொள்கிறேன். பூந்துடைப்பம், தெருவுக்கு ஆகாது, மன்றத்துக் கூடத்துக்கு ஆகும். அதற்கு நன்றி. ஆனால் எனக்கு வேண்டியது அந்த நாற்காலி. என்ன அய்யா? என்னவோ சொல்கிறீர்கள். "நோக்காம்" என்றா? கூட்டம் சிரிக்கிறது பாருங்கள். எனக்கு வேறு சொல் வேண்டும். அண்ணே, மைக்கை அய்யாவிடம் நீட்டுங்கள்.

என்ன சொன்னீர்கள்? "தராம்"! தருகிறேன் என்கிறார்! பாயில் இருப்பவர்களே, கேட்டீர்களா? மதிலில் இருப்பவர்களே, கேட்டீர்களா? உங்கள் எல்லோர் காதும் சாட்சி.

அய்யா, வாய்ச்சொல்லை நான் சந்தேகப்படுவதாக நினைக்காதீர்கள்; சந்தேகப்படத்தான் செய்கிறேன். ஆகவே போட்டோக்காரரை இன்னொரு முறை கூப்பிடுங்கள். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். மீட்டர் அவள் கையில் இருக்க வேண்டும். வாசலில் தொங்குவதை இறக்கிவிட்டு இதை மாட்டுங்கள்.

பொறுமையாகக் கேட்டிருந்த அனைவருக்கும், நடுவில் எழுந்து போகாத மானேஜர் அய்யாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோரும் நன்றாக இருங்கள். வணக்கம்.

அந்தப் புதுப் படத்தில் ஒரு பிரதி எனக்குத் தபாலில் அனுப்புங்கள், அய்யா. விலாசம் எழுதிக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு மறக்காது: பேச்சியம்மாள், முனிசிப்பல் காலனி, மட்டாஞ்சேரி.