மூன்று குழாயும் தானாக அடைபடாது

என் பெயர், கணவர் பெயர், கதவு எண், தெரு ஆகியவற்றை முதல் தாளில் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். வயது நாற்பத்தாறு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துப் பொருத்தும் வேலை பார்க்கிறேன். என் கணவரின் அண்ணன், அதாவது என் மூத்தார், நான் அவரைத் தாக்கியதாகக் கொடுத்துள்ள புகாரின் பேரில் இன்று நிலையத்துக்கு வந்து, யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல் நான் சொல்வதாவது:

நாங்கள் குடியிருப்பது மாமனார் கட்டிய வீடு. முன்கூடம் இரு குடும்பத்துக்கும் பொது. அதன் இடப்பக்கத்து அறைகளில் நானும் என் கணவரும், வலப்பக்கத்து அறைகளில் மூத்தாரும் அவர் மனைவியான என் ஓரகத்தியும் இருக்கிறோம். மூத்தார் கட்டட வரைபடம் போட்டுக்கொடுப்பவர். அவர் மேசை கூடத்தை ஒட்டிய அறையில் இருக்கிறது. அந்த அறை போதவில்லை, கூடத்தையே தன் அலுவலகமாக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை.

என் கணவர் கப்பலின் இயந்திர அறையில் வேலை பார்த்தவர். வேலையை விட்டு வந்ததும் கூடத்தின் ஓரத்தில் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்தார். அதில் உயிருள்ள பவளங்களும் சில மீன்களும் நத்தைகளும் உள்ளன. மேல் தொட்டியில் வழியும் தண்ணீர் குழாய் வழியாக அடி அலமாரிக்குள் இருக்கும் கீழ்த்தொட்டிக்கு இறங்கி, சுத்தமாகி, மோட்டார் மூலம் மறுபடி மேலே ஏற வேண்டும். இந்தச் சுற்று நின்றுபோனால் பவளம் செத்துவிடும். மற்றவர்கள் தொட்டியைக் கண்ணால் பார்ப்பார்கள், என் கணவர் காதால் பார்ப்பார். மோட்டார் சத்தத்தில் இம்மி மாற்றம் என்றாலும் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, அத்துடன் பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது புரியும், பதிலுக்கு வார்த்தை வராது. அதன் பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருவர் வீட்டுக்கே வந்தார். அறைக்குள் உட்காரவைத்தால் என் கணவர் கதவுப் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்ததால் தொட்டிக்கு எதிரிலேயே பயிற்சியை வைத்துக்கொண்டோம். அப்போது தொட்டிக்கு இருந்தது ஒற்றைக் குழாய். தண்ணீரும் காற்றும் கலந்து இறங்குவதால் அது ஓயாமல் மடக் மடக்கென்று விழுங்கி நடுநடுவே ஏப்பம் விடும். சில நாட்களில் பயிற்சியம்மா, "இந்தச் சத்தத்துல என் குரலப் பிரிச்சு எடுக்க அவரால முடியலம்மா. ஒண்ணு தொட்டிய எடுங்க, இல்ல சத்தத்த எடுங்க" என்று சொல்லிவிட்டார். மூத்தாரும் நீண்ட நாளாகவே, "எந்நேரமும் கக்கூஸ்ல தண்ணி ஊத்துற மாதிரியே இருக்கு. என்னப் பாக்க வர்றவன் என்ன நெனப்பான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதில் நியாயம் இருந்தது, அதை நான் அவரிடமே ஒப்புக்கொண்டேன்.

அதன் பிறகு நான் சத்தமில்லாத வடிகாலைத் தேட ஆரம்பித்தேன். மீன்தொட்டிக் கடைக்காரர், இருக்கிற ஒற்றைக் குழாயின் தலையில் ஒரு தொப்பி மாட்டி அதில் காற்றுத் துளை போட்டால் சத்தம் பாதி குறையும் என்றார். பாதி போதாது என்றேன். இரண்டு குழாய் வைக்கலாம் என்றார். ஒன்று காற்றே புகாமல் முழுக்கத் தண்ணீரால் நிறைந்து இறங்கும், அதனால் சத்தம் வராது, மற்றது ஆபத்துக்கு. ஆனால் தண்ணீர் மட்டம் கொஞ்சம் மாறினாலும் வால்வை மறுபடி திருப்பி ஒழுங்கு பண்ண வேண்டும் என்றார். பகலில் நான் கடைக்குப் போய்விடுகிறேன், என் கணவரால் குனிந்து வால்வைத் திருப்ப முடியாது. அதனால் அதையும் வேண்டாம் என்றேன். கடைசியாக மூன்று குழாய் ஏற்பாட்டைச் சொன்னார். அதில் முதல் குழாய் முழுக்க நிறைந்து இறங்கும். அதன் வாயைவிடச் சற்று மேலே வாய் இருக்கும் இரண்டாவது குழாயில் மிஞ்சுகிற தண்ணீர் நூல் போலக் குழாயின் உட்சுவரோடு ஒட்டி இறங்கும். மட்டம் ஏறி இறங்குவதை அதுவே பார்த்துக்கொள்ளும், ஆள் வேண்டாம். மூன்றாவது எல்லாவற்றுக்கும் மேலே காய்ந்து கிடக்கும். முதல் இரண்டும் அடைபட்டால் மட்டுமே அதில் தண்ணீர் போகும்.

நான் மூன்று விதத்தையும் படமாக வரைந்து என் கணவர் மடியில் வைத்தேன். அவர் வெகு நேரம் பார்த்தார். அதன் பிறகு இடது கை விரலைக் கடைசிப் படத்தில் வைத்து, "மூணு" என்றார். பக்கவாதத்துக்குப் பின் அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வார்த்தை அது. நான் அடுப்படிக்குப் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கடைக்காரர் ஆள் கூட்டி வந்து தொட்டியின் பக்கவாட்டில் துளை போட்டு, திறந்த வாய் உள்ள வடிகால் பெட்டியை ஒட்டி, மூன்று குழாயும் பொருத்தினார். முதல் குழாயின் வால்வை நான்தான் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். விழுங்கும் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றது. சுவர்க்கடிகாரம் ஓடுவது கேட்டது. மூத்தார் அறையிலிருந்து வெளியே வந்து, "என்ன, மோட்டார் நின்னுபோச்சா?" என்று கேட்டார். "ஓடுது அத்தான்" என்றேன். அவர் அலமாரிக் கதவைத் திறந்து, குனிந்து காதை வைத்துக் கேட்டார். முகம் சுண்டிப்போய் உள்ளே போனார். சத்தம் போனதோடு அவருக்குக் காரணமும் போய்விட்டது என்பது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

அதன் பிறகு புதுக் காரணங்கள் வந்தன. தரைக்குப் பாரம் தாங்காது என்றார், உப்புக்காற்றில் சுவர் அரிக்கிறது என்றார். "ஓட்ட போட்ட தொட்டி. என்னைக்காவது ஒருநாள் வீட்டக் குளமாக்கும், பாத்துக்கிட்டே இரு" என்று உறவினர்கள் எதிரில் சொன்னார். நான் எல்லோரையும் கூடத்தில் நிற்கவைத்து மூன்று குழாயையும் தொட்டுக் காட்டி விளக்கினேன். மூன்றாவது குழாய் வேண்டுமென்றே கீழ்த்தொட்டித் தண்ணீருக்கு மேலே நிறுத்தப்பட்டிருக்கிறது, தண்ணீர் உயரத்திலிருந்து கொட்டும்போது வீடே கேட்கும் என்று சொன்னேன். "இது வாயத் திறந்தா மத்த ரெண்டும் அடச்சுக்கிச்சுன்னு அர்த்தம். யார் காதுல விழுந்தாலும் உடனே மோட்டார அணைச்சிடுங்க" என்றேன். மூத்தார் எதிரிலேயே நின்று கேட்டார். எதையெதை அடைத்தால் வீடு குளமாகும் என்பதை அவருக்குப் பாடம் நடத்தியதைப் போல ஆகிவிட்டது.

சம்பவத்தன்று மதியம் என் கணவருக்குச் சாப்பாடு கொடுத்து, கூடத்தில் ஜன்னலோரம் நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். மூத்தார் தன் மேசையில் இருந்தார். அதன் பிறகு நான் கடைக்குப் போய்விட்டேன். பொழுது சாய்வதற்கு முன் திரும்பி வந்து வெளிக்கதவைத் திறக்கும்போதே, தகரக்கூரையில் மழை கொட்டுவது போன்ற சத்தம் கேட்டது. மூன்றாவது குழாய் என்று தெரிந்தது. ஓடினேன்.

நான் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். பார்த்தது இது. கூடம் முழுக்க உப்புத்தண்ணீர். நாற்காலி ஜன்னலோரம் காலியாக இருந்தது. என் கணவர் தொட்டிக்கு முன்னால் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார், கன்னம் தண்ணீரில் இருந்தது, கண் திறந்திருந்தது. தொட்டிக் கண்ணாடியில் இடது உள்ளங்கை இழுபட்ட தடம் இருந்தது. இடது கைக்குள் ஒரு மஞ்சள் துணி. விரலைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. நான் மோட்டாரை அணைத்துவிட்டுப் பார்த்தேன். முதல் குழாயின் வால்வு முழுக்க மூடப்பட்டிருந்தது. இரண்டாவது குழாயின் வாயில் பிளாஸ்டிக் பை திணிக்கப்பட்டிருந்தது. மூன்றாவது திறந்திருந்தது, அதன் விளிம்பில் மஞ்சள் நூல் ஒட்டியிருந்தது.

ஒரு காலும் ஒரு கையும் விளங்காத மனிதர் அந்தத் தண்ணீரில் நாற்காலியிலிருந்து தொட்டி வரை எப்படிப் போனார் என்பது எனக்குத் தெரியாது. அவரால் கத்த முடியாது. துணியை உருவினால் குழாய் கத்தும் என்பது அவருக்குத் தெரியும். உருவிவிட்டு வழுக்கி விழுந்திருக்கிறார். குழாய் அவருக்காகக் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. கூடத்தை ஒட்டிய அறையில், ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை.

நான் போட்ட கூச்சலில் மொட்டைமாடியில் இருந்த ஓரகத்தி இறங்கி வந்தாள். இருவருமாக என் கணவரைத் திருப்பிப் படுக்கவைத்தோம். அவர் இடுப்பைத் தொட்டதும் முனகினார். அப்போது ஓரகத்தி துணியைப் பார்த்து, "இது இவரு வரையுற பலகையத் தொடைக்கிற துணியாச்சே. காலைல நான்தானே தொவச்சுக் குடுத்தேன்" என்றாள். சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். நாளை இங்கே வந்து தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் சொல்லலாம். சொன்னால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், அவள் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டியவள்.

அதன் பிறகுதான் மூத்தார் வெளியே வந்தார். வேட்டி நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னேனா இல்லையா" என்றார். தரையில் தம்பி கிடப்பதைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னார். எங்களுக்குள் நடந்த பேச்சு இது.

"வால்வ யாரு மூடுனது அத்தான்?"

"எனக்கென்ன தெரியும். நத்தை கித்தை போய் அடச்சிருக்கும்."

"நத்தை வால்வத் திருகுமா?"

"மூணு ஓட்ட போடும்போதே தெரிய வேண்டாமா உனக்கு."

"அவரு விழுந்த சத்தம் கேக்கலையா?"

"கேட்டுச்சு. நாற்காலிய நகத்துறீங்கன்னு நெனச்சேன்."

வீட்டில் நான் இல்லை, நகர்த்த ஆளும் இல்லை. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே மிச்சக் குழாய்த் துண்டு ஒன்று சாத்தியிருந்தது. அதை எடுத்தேன். "எந்தக் கையால அடச்சீங்க?" என்று கேட்டேன். அப்போதும் நான் அவரிடம் நீங்கள் என்றுதான் பேசினேன். அவர் வலது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அந்தக் கையின் மணிக்கட்டில் அடித்தேன். புகாரில் கண்டபடி தலையில் அடிக்கவில்லை. கொலை மிரட்டல் விடவில்லை. மறுபடி ஓங்கியபோது ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்காமல் இருந்தால் அடித்திருப்பேன்.

அதன் பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. என் கணவருக்கு இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. மருத்துவர் குனிந்து, எப்படி விழுந்தீர்கள் என்று அவரிடம் கேட்டார். என் கணவர் உதட்டைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, "அண்ணன்" என்றார். மறுபடி கேட்டார்கள். மறுபடியும் "அண்ணன்" என்றார். மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு அதே மருத்துவமனையில் இருந்த மூத்தாருக்கு இது எட்டியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பார்க்க வந்திருந்த உறவினர்களிடம், "பாத்தீங்களா, அந்த வலியிலயும் என் தம்பி என்னைத்தான் கூப்பிடுறான்" என்றார். அவர்களும் தலையை ஆட்டினார்கள். நான் திறந்திருந்த கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன், கேட்டேன். மணிக்கட்டோடு நிறுத்தியதற்காக நான் வருத்தப்பட்டது அந்த இடத்தில்தான்.

வால்வு தவறிப்போய் மூடியிருக்கலாம், பிளாஸ்டிக் பை காற்றில் பறந்து விழுந்திருக்கலாம் இல்லையா என்று விசாரணையில் என்னிடம் கேட்கப்பட்டது. ஒரு குழாய் தானாக அடைபடும். நேரம் கெட்டால் இரண்டும் அடைபடும். மூன்றும் ஒரே மதியத்தில் அடைபட வேண்டுமானால் அதற்குக் கை வேண்டும். அந்த ஏற்பாட்டை நான் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். பையும் துணியும் குழாய்த் துண்டும் நிலையத்தில் ஒப்படைத்திருக்கிறேன். வால்வை நான் திருப்பாமல் அப்படியே விட்டிருக்கிறேன், வந்து பார்த்துக்கொள்ளலாம்.

இதை எழுதிய காவலர் முடிவில் எனக்குப் படித்துக்காட்டினார். நான் அடித்ததைப் பற்றிய இடத்தில் 'ஆத்திர மிகுதியால் தன்னிலை மறந்து' என்று எழுதியிருந்தார். அதை அடிக்கச் சொன்னேன். "அப்படி இருந்தா உங்களுக்குத்தாம்மா நல்லது" என்றார். எனக்கு நல்லதாக இருக்கலாம், நடந்தது அது இல்லை என்றேன். நான் எதையும் மறக்கவில்லை. எந்தக் கை என்று கேட்டு, அந்தக் கையைப் பார்த்து அடித்தேன். அதன் பேரில் அந்த நான்கு வார்த்தைகளும் என் எதிரிலேயே கோடிட்டு அடிக்கப்பட்டு, ஓரத்தில் நான் கையொப்பம் இட்டுள்ளேன்.

மற்றவை யாவும் நான் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளன, சொன்னவை யாவும் நடந்தபடியே சொல்லப்பட்டன.

(ஒப்பம்)
வாக்குமூலம் கொடுத்தவர்