மெட்ராசு பாத்த நாளு

தோ, பஸ்ஸுல பின்னாடி சீட்டுல ஜன்னலோரம் வாயத் தொறந்துக்கினு தூங்குறாரு பாருங்க, அவருதான்க்கா எங்க வூட்டுக்காரரு. சேச்சே, குடியெல்லாம் கெடையாது. காலைலேர்ந்து சுத்துன சுத்து அப்டி. கண்ணாலம் ஆயி ஒம்போது வருசத்துல இன்னிக்குதான் மொத மொத மெட்ராசுக்குக் கூட்டிக்கினு போனாரு. எங்க, அவரா கூட்டிக்கினு போவாரு? நாந்தான் அடம் புடிச்சேன். இன்னிக்கே போவணும், இன்னிக்கு வுட்டா என்னிக்குமே வரமாட்டேன்னு ஒக்காந்துட்டேன். சுகர் மில்லுல லீவு சொல்லிட்டு வந்தாரு.

மொதல்ல எழும்பூரு, செத்த காலேஜு. போர்டுல மியூசியம்னு போட்டுக்குது, ரிக்‌ஷாக்காரங்கிட்ட செத்த காலேஜுன்னாதான் தெரியுது. திமிங்கலத்து எலும்பு ஒண்ணு வச்சிருக்கான் பாருங்க, அதுல கூரை போட்டு ஒரு குடும்பமே இருக்கலாம். ஒரு ரூமு பூரா செம்பு சாமிங்க. அம்மன் நிக்கிறா, தலைல ஒரு பூ இல்ல, நெத்தில பொட்டு இல்ல. மனசு கேக்கல. என் தலைல இருந்த கனகாம்பரத்தக் கிள்ளி கால்ல வச்சேன். வாட்ச்மேன் ஓடியாந்து எடுத்துக் கடாசிட்டு கத்துறான். இவரு இன்னா பண்ணாரு? தலையக் குனிஞ்சிக்கினு நின்னாரு. எப்பவும் அதான அவரு வேல.

அப்புறம் கிண்டில கோல்ஃபு ஆட்டம். எங்க ஊரு கண்ணையன் அங்க புல்லு வெட்டுறான், அவந்தான் வேலியாண்ட நிக்க வச்சி காட்டனான். ஒரு பந்த அடிச்சிட்டு அதும் பின்னாடியே நடக்குறாங்கக்கா, அதான் ஆட்டமே. எத்தினி காணி இருக்கும்! மல்லாட்டை போட்டா மூட்ட மூட்டயா எடுக்கலாம், இவங்க தண்ணி பாய்ச்சி புல்லு வளக்குறாங்க. யாரும் இல்லாத நேரமாப் பாத்து கண்ணையன் இவரு கைல கோலக் குடுத்தான். ஓங்கி ஒரு அடி. பந்து நவுரல, மண்ணுதான் பேந்துக்கினு வந்துச்சி. ஜல்தி குடு, ஜல்தி குடுன்னு கண்ணையன் கோலப் புடுங்கிக்கினான். நான் சிரிச்சேன் பாருங்க, வயிறு வலிக்க.

சாப்பாடா? பெரிய ஓட்டலு, ஏசி. வெளக்க மங்கலா வச்சிருக்கான், இன்னா துன்றோம்னே தெரியல. கைத்துணிய பூ மாதிரி மடிச்சி தட்டு மேல வச்சிருந்தான், கலைக்க மனசு வரல, அப்டியே நவுத்தி வச்சேன். சர்வரு வந்து, மேடம் மொதல்ல உங்களுக்குன்னு எனக்குப் பரிமாறனான்க்கா. இவரு காத்துக்கினு இருந்தாரு. மொதல்ல உங்களுக்குன்னு என்ன யாரும் சொன்னதே இல்ல. கண்ணுல தண்ணி வந்துடுச்சி. சூப்பு காரம்னு சொல்லி தொடச்சிக்கினேன்.

கொழந்தைங்களா? இல்லக்கா. பரவால்ல வுடுங்க, அத்தக் கேக்காத ஆளு இந்த ஜில்லாவுலயே இல்ல.

ஆனா ஒருத்தி சொன்னத மட்டும் நான் வுடல. வீரம்மாள்னு, இவரோட அக்கா, எனக்கு நாத்தனா. மூணு வருசம் முன்ன அவ புள்ள கண்ணாலம். தாய்மாமன் வரிசை நாங்கதான? மேளத்தோட தட்டு தூக்கிக்கினு போறோம், மொத தட்டு எங்கைல. வாசப்படில மறிச்சிக்கினா. ஊரே நிக்கிது. புள்ள பெத்தவ கையால வரட்டும், மலடி வெளிய நிக்கட்டும்னா. நான் இவரப் பாத்தேன். இவரு எங்கைலேர்ந்து தட்ட வாங்கி வேற ஒருத்தி கைல குடுத்துட்டு உள்ள பூட்டாரு. போயி பந்தில ஒக்காந்து சாப்டாருக்கா. நான் பந்தக்கால புடிச்சிக்கினு நின்னேன். அன்னிக்கு எரிஞ்ச வயிறு.

இப்ப அவ பொண்ணு அஞ்சலாட்சி வயசுக்கு வந்திருக்கு. மஞ்சத்தண்ணிக்கு அழைக்க போன வாரம் வந்தா. இவரு ஷிப்டுக்குப் பூட்டாரு. எங்க பக்கம் வெத்தல பாக்குத் தட்ட வூட்டுப் பொம்பள கைல குடுத்துட்டா ஆம்பளைக்குச் சொன்ன மாதிரி, ரெண்டாந்தபா வரமாட்டாங்க. எம்மூஞ்சியக் கூட பாக்காம தட்ட நீட்டனா. தம்பிகிட்ட நாளச் சொல்லிடு, நீ வரணும்னு இல்லன்னா. சரிங்க அண்ணின்னு வாங்கிக்கினேன்.

என்னிக்கா? இன்னிக்குத்தான்.

அவருகிட்டயா? சொல்லல. இன்னும் நாள் குறிக்கலையாம்னேன். தாய்மாமன் வந்து மால போட்டாதான பொண்ண மணைல ஒக்கார வைப்பாங்க? மாமன் எங்க, மாமன் எங்கன்னு காலைலேர்ந்து பந்தலே கேட்டுக்கினு இருந்திருக்கும். வூட்டுக்கு ஆள் அனுப்பியிருப்பா, பூட்டு தொங்கியிருக்கும். ரோட்டுக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து அவ கால் தேஞ்சிருக்கும். சூப்பு குடிக்கறப்ப அதத்தான்க்கா நெனச்சிக்கினேன். அப்டி ருசி.

பொண்ணு பாவந்தான், நான் இல்லங்கல. இவருகூட மருமவளுக்குன்னு பாரிமுனைல கண்ணாடி வளையல் வாங்கி மடில வச்சிக்கினுதான் தூங்குறாரு.

இன்னாக்கா, எழுந்துட்டீங்க? கூட்டேரிப்பட்டு வந்துடுச்சா? ஓ, மயிலத்துக்கா நீங்க! நல்லதாப் போச்சி. மல அடிவாரத்துல பந்தல் போட்ட வூடு ஒண்ணு இருக்கும், வீரம்மாள்னு கேளுங்க. தம்பி ஏமாத்திட்டான்னு அழுதுக்கினு இருப்பா. அவருக்குத் தெரியவே தெரியாது, நாந்தான் சொல்லலன்னு சொல்லுங்க. பின்ன? யாரு பண்ணதுன்னு அவளுக்குத் தெரியலன்னா நான் இம்மாம் பாடுபட்டு இன்னாத்துக்கு? பாத்து எறங்குங்க. எம்பேரு தையல்நாயகி. மாத்திச் சொல்லிடாதீங்க.