மதகு திறக்கும் வரை

மாலை ஏழு மணி. கிள்ளானில், தொழிற்சாலைகளின் பின்சுவரை ஒட்டிப் போகும் சாலை. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மழைநீர்க் குளம். அந்த நேரத்தில் நாய்கூட வராது...

எனக்கு நடந்ததில்லை இது. நண்பன் ஜீவனின் மச்சான் தனேஷுக்கு நடந்தது. குரு, டார்ச்சை அணை. இந்த வெள்ள நிவாரண மண்டபத்தில் கரண்டு வரும்வரை வேறு வேலையில்லை, சொல்கிறேன். என் மனைவி இறந்ததிலிருந்து பயம் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தனேஷுக்குப் பம்பு ஹவுஸில் வேலை. குளத்து நீர் மதகு வழியாக ஆற்றுக்குப் போகும். கடல் ஏறினால் ஆறும் ஏறும், மதகை மூடியே ஆக வேண்டும். அப்போது பம்புதான் நீரை வெளியே தள்ளும். பம்புக்கு முன்னால் இரும்புக் கம்பிகள். குப்பை வந்து அடைத்தால் பக்கத்துத் தாமான் குடியிருப்பு மூழ்கும். அவன் வீடு அங்கேதான், தாழ்வான கடைசி வரிசையில். மனைவி குமுதாவுக்கு நிறைமாதம்.

அன்று பெருமழை. கடலும் ஏறியிருந்தது. தனேஷ் நீண்ட கொக்கியால் குப்பையை இழுத்துக்கொண்டிருந்தான். போத்தல்கள், கிழிந்த மெத்தை, சாப்பாட்டுப் பெட்டிகள்... பிறகு ஒரு மண் கலயம். வாயில் வெள்ளைத் துணி.

“அஸ்தியா?” என்றான் குரு.

ஆமாம். கடற்கரை வரை போக முடியாதவர்கள் பெரிய லோங்காங் வடிகாலிலேயே விட்டுவிடுகிறார்கள். எப்படியும் கடலுக்குத்தானே போகும் என்று. மதகு மூடியிருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

உடையாமல் தூக்கிக் கரையில் வைத்தான். விபூதி வாசனை, அதற்கடியில் சேற்று நாற்றம். பம்பு ஒரே சீராக உறுமியது. கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல்.

“அண்ணே... மதகை எப்ப தொறப்பீங்க?”

டார்ச் அடித்தான். தண்ணீர் மட்டும். அக்கரையிலிருந்து யாரோ கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

“கடல் ஏறியிருக்குக்கா. இப்பத் தொறந்தா எங்க தாமான் முங்கிடும். வீட்டுல பொண்டாட்டி தனியா இருக்கா.”

“எந்த வீடு?”

“கடைசி வரிசை. முனை வீடு.”

“சொல்லிட்டானா? மடையன் லா!” என்றான் குரு.

மரியாதையாகக் கேட்டால் நம் ஆட்கள் சொல்லிவிடுவார்கள்.

அதற்குப் பிறகு குரல் இல்லை. திரும்பிப் பார்த்தான். கலயத்தின் துணி அவிழ்ந்திருந்தது. உள்ளே எதுவுமில்லை... அந்த மழையிலும் உள்பக்கம் காய்ந்திருந்தது.

வீட்டுக்கு ஓட முடியாது. கொக்கியை விட்டால் கம்பி அடைத்துக்கொள்ளும், வீடு மூழ்கும். கடல் வடியும்வரை இழுத்தான். வடிந்ததும் மதகைத் திறந்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

தாமானில் தண்ணீர் ஏறவில்லை. குமுதா ஹாலில் உட்கார்ந்திருந்தாள்.

“பம்பு ஹவுஸ்லேர்ந்து ஒரு அக்கா வந்தாங்க,” என்றாள். “நீங்க தொறக்கிற வரைக்கும் கூட இருக்கேன்னாங்க. வயித்துமேல கையை வெச்சுக்கிட்டே இருந்தாங்க. சில்லுனு இருந்துச்சு.”

“இப்ப எங்க?”

“இங்கதானே இருந்தாங்க...”

எதிரே பிளாஸ்டிக் நாற்காலி. அதில் கலங்கிய தண்ணீர் தேங்கி, இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வாசலிலிருந்து நாற்காலி வரை தரையில் ஒரு சொட்டுகூட இல்லை.

குமுதாவின் நைட்டியில், வயிற்றின்மேல், ஐந்து விரல் தடம். தனேஷ் தொட்டுப் பார்த்தான். ஈரம் இல்லை.

சாம்பல்.