சூசையப்பர் கோயில் பின்னறையில் இருந்த சுகந்தினி குறித்து இன்னாசி சொன்னது

என் பெயர் இன்னாசி. தகப்பனார் பெயர் சவரிமுத்து. வயது 64. கோயமுத்தூர் மாவட்டம், கருமத்தம்பட்டிக்கு வடக்கே சூசையப்பர் கோயில் வீதியில் கதவு எண் 4/17-ல் மனைவி தெரேசம்மாளுடன் குடியிருந்து வருகிறேன். முப்பத்தொரு வருடம் விசைத்தறி ஓட்டியதில் எனக்கு வலது காது கேட்காது. அதனால் கேள்விகளை இடப்பக்கமாகக் கேட்கும்படி வேண்டிக்கொண்டேன். நீதித்துறை நடுவர் அவர்கள் சம்மதித்தார்கள். கடந்த பதினெட்டு வருடமாக மேற்படி கோயிலில் உபதேசியாராக இருந்து வந்தேன். பங்குச்சாமி வராத நாட்களில் ஜெபம் நடத்துவதும், நோயாளிகள் வீட்டுக்குப் போய்வருவதும், கோயில் சாவி வைத்திருப்பதும் என் வேலை. இந்த வாக்குமூலத்தை நான் கொடுத்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை என்றும், கொடுத்தால் எனக்கு எதிராகவே அது பயன்படலாம் என்றும் நடுவர் அவர்கள் இரண்டு முறை எடுத்துச் சொன்னார்கள். யோசிக்க நேரமும் கொடுத்தார்கள். நீதிமன்ற வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து யோசித்த பிறகு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் கீழ்க்கண்டவாறு சொல்கிறேன்.

எங்கள் கோயிலும் பக்கத்து ஊர் சி.எஸ்.ஐ. சபையும் சேர்ந்து மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கோயில் கூடத்தில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுத்து வருகிறோம். இலங்கையிலிருந்து வந்து முகாம்களில் இருப்பவர்களும், வடக்கே இருந்து தறிக்கும் மில்லுக்கும் வந்தவர்களும் அங்கே வருவார்கள். எந்த மதம் என்று கேட்பதில்லை. என் கையெழுத்து மற்றவர்களுக்குப் புரியும் என்பதால் என்னை அந்த மேசையில் உட்கார வைத்தார்கள். எனக்கு வேறு தகுதி கிடையாது. இதுவரை எத்தனை மனு எழுதினேன் என்று கேட்டால் தெரியாது. எத்தனைக்குப் பதில் வந்தது என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துச் சொல்லிவிடுவேன்.

2023 நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை சுகந்தினி என்ற பெண், வயது 32, தன் மகள் வர்ஷினி, வயது 7 என்பவருடன் அந்த மேசைக்கு வந்தார். அதற்கு முன் அவரை எனக்குத் தெரியாது. அவர் சொல்லித் தெரிந்துகொண்டது என்னவென்றால், அவருடைய பெற்றோர் 1990-ல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். அவர் வளர்ந்தது காங்கேயம் பக்கத்து முகாமில். தறிக்கு நூல் தார் சுற்றும் வேலைக்கு வந்த இடத்தில், தறிக்குப் பாவு நூல் ஏற்றிவரும் டெம்போ ஓட்டிய மோகன்குமார் என்பவருடன் பழகி 2015-ல் திருமணம் செய்துகொண்டார். இந்தியரைக் கட்டிக்கொண்டதால் முகாம் பதிவேட்டில் அவருடைய பெயரை அடித்துவிட்டார்கள். வேறு எந்தப் பதிவேட்டிலும் சேர்க்கவில்லை. மோகன்குமாரின் வீட்டார் இவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2022-ல் அவினாசி ரோட்டில் நடந்த விபத்தில் மோகன்குமார் இறந்துபோனார். அதன் பிறகு லைன் வீட்டில் குடியிருந்தபோது, வீட்டுக்காரர் ஆதார் அட்டை கேட்டு, இல்லை என்றதும் காலி செய்யச் சொல்லிவிட்டார். அதன் பிறகு முகாமில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனதற்கு, பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள் அங்கே தங்க முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள். யாரும் திட்டவில்லை, தண்ணீர் கொடுத்துத்தான் சொன்னார்கள் என்று சுகந்தினி சொன்னார்.

பங்குச்சாமியிடம் கேட்டேன். கோயிலுக்குப் பின்னால் பழைய பள்ளிக்கூடத்தில் உடைந்த பெஞ்சுகள் போட்டுவைத்த அறை ஒன்று இருந்தது. அதை ஒழித்துக் கொடுக்கச் சொன்னார். நானும் என் மனைவியும் சுண்ணாம்பு அடித்தோம். சுவரில் இருந்த சிலுவையைக் கழற்றிவிடட்டுமா என்று சாமியே சுகந்தினியிடம் கேட்டார். அதற்கு அவர், "இருக்கட்டும் சாமி. எங்களுக்கு முந்தியே அது இங்க இருந்ததுதானே" என்றார். அவர் இந்து. செவ்வாய்க்கிழமைகளில் மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்தார். குழந்தையின் நெற்றியில் தினமும் திருநீறு இருக்கும். ஜெபத்துக்கு வரச்சொல்லி நானோ வேறு யாருமோ ஒரு முறையும் அழைத்ததில்லை. மதம் மாற்றியதாகப் பின்னால் வந்த புகாரில் உள்ளது சரியல்ல.

அதன் பிறகு ஜூன் மாதம் வரைக்கும் சுகந்தினிக்காகப் பதினோரு மனு எழுதினேன். திங்கட்கிழமைகளில் அவரைக் கூட்டிக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். முகாம் விஷயம் பார்க்கும் பிரிவில், இந்தியரைத் திருமணம் செய்ததால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்கள். குடியுரிமைப் பிரிவில், இவர் அகதி என்பதால் முகாம் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். இரண்டு பிரிவும் ஒரே மாடியில்தான் இருக்கின்றன. அங்கே இருந்தவர்களைக் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நடந்து நடந்து எங்களுக்கே எந்தக் கதவு எது என்று மறந்துபோகும். ஒருநாள் படியில் உட்கார்ந்துகொண்டு சுகந்தினி, "ஐயா, நாங்கள் வீட்ட போவமா?" என்று கேட்டார். எந்த வீட்டைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

2024 ஜனவரியில் பழனியாத்தாள் என்ற அம்மா, வயது சுமார் 60, கோயிலுக்கு வந்தார். இறந்துபோன மோகன்குமாரின் தாயார் என்று சொன்னார். சம்படத்தில் கச்சாயப் பலகாரம் கொண்டுவந்திருந்தார். வர்ஷினி பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை வேப்பமரத்தடியில் நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. குழந்தையைப் பார்த்த பிறகு என்னிடம், "மூக்கு எம்பையனாட்டவே இருக்குதுங்க. நான் பாத்துட்டுப் போயிர்றனுங்க. பெரியவனுக்கு மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்றார். பெரியவன் என்றது அவருடைய மூத்த மகன் மதன்குமாரை. அதன் பிறகு வியாழக்கிழமைகளில் பஸ்ஸில் வந்து போவார். சுகந்தினியும் அவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒருமுறை பழனியாத்தாள் குழந்தைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருக்க, சுகந்தினி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மே மாதம் கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவையில் இந்த விஷயம் பேசப்பட்டது. பேரவையின் துணைத்தலைவர் என்னிடம், "நம்மளே இங்க கொஞ்சம் பேருதானுங்க. எல்லாத்துக்கும் போய் நின்னா, நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா ஆருங்க வருவாங்க?" என்றார். அவர் பயத்தில்தான் சொன்னார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. பள்ளிக்கூடம் திறக்கும்வரை பொறுக்கலாம் என்று சாமி சொன்னார். பள்ளிக்கூடம் திறந்தது. அவர்களைப் போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

7.7.2024 ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து சாமி வேறு ஊர்ப் பூசைக்குக் கிளம்பிப் போன பிறகு, சுமார் 10 மணிக்கு மதன்குமார் ஏழெட்டுப் பேருடன் கோயில் வாசலுக்கு வந்தார். தம்பி மகளைக் கோயிலில் அடைத்துவைத்து மதம் மாற்றுகிறார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னைத் தொடவில்லை. "ஏனுங்க, எந்தம்பி போயிட்டான். அந்தப் புள்ளையவும் நாங்க இழக்கோணுமுங்களா?" என்று கேட்டார். கூட வந்தவர்கள் சத்தம் போட்டார்கள். சற்று நேரத்தில் உதவி ஆய்வாளரும் இரண்டு காவலர்களும் வந்தார்கள். குழந்தையைக் கடத்தி வைத்து மதம் மாற்றுவதாகவும், தாய் ஆவணம் இல்லாத வெளிநாட்டவர் என்றும் மதன்குமார் எழுதிக்கொடுத்த புகாரை உதவி ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். அவருக்கு என்னைப் பல வருடமாகத் தெரியும். "உபதேசியாரே, அந்தப் பொண்ணு இங்க இருக்குதுங்களா? நீங்க சொன்னாப் போதுமுங்க" என்றார்.

அப்போது சுகந்தினியும் குழந்தையும் பின்னறையில் இருந்தார்கள். கதவை வெளியே பூட்டிச் சாவியை என் சட்டைப்பையில் வைத்திருந்தேன். நான், "இல்லைங்க. போன வாரமே புள்ளையக் கூட்டிட்டு மண்டபம் முகாமுக்குப் போயிட்டாங்க" என்று சொன்னேன். அது பொய். அதை ஒரு தாளில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அறையைத் திறந்து பார்க்கவில்லை. என் வார்த்தையை நம்பி மற்றவர்களையும் சமாதானம் செய்து அனுப்பினார். அன்று காலையில்தான் இதே வாயால், செய்த பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தன மன்றாட்டைச் சபைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஏன் பொய் சொன்னீர் என்று நடுவர் அவர்கள் கேட்டதற்கு, தாயை ஒரு பக்கமும் குழந்தையை ஒரு பக்கமும் கொண்டுபோய்விடுவார்கள் என்று நினைத்ததாகச் சொல்கிறேன். யாரும் எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பங்குச்சாமிக்கு அது தெரியாது.

எல்லோரும் போன பிறகு கதவைத் திறந்தேன். சுகந்தினி தரையில் உட்கார்ந்திருந்தார். குழந்தையின் இரண்டு காதுகளையும் கையால் பொத்தியிருந்தார். நான் சொன்னதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கிறது. "எனக்காக நீங்க பொய் சொல்ல வேண்டாம் ஐயா. ஒளிச்சிருந்து எனக்கும் அலுத்துப் போச்சு. நான் என்ன களவெடுத்தனானே?" என்றார். எங்கள் மேசைக்குக் கட்டணம் இல்லாமல் வந்து உதவும் வழக்கறிஞர் ரிஃபானாவுக்குப் போன் செய்தேன். சென்னையில் இருப்பதாகவும், செவ்வாய்க்கிழமை வந்துவிடுவதாகவும், அதுவரை எங்கும் போக வேண்டாம் என்றும் அவர் சொன்னதை சுகந்தினியிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் 8.7.2024 திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு நான் கோயில் கூட்டிக்கொண்டிருந்தபோது, சுகந்தினி குழந்தைக்குச் சீருடை போட்டு, இரட்டைச் சடை பின்னி, என் முன்னாலேயே கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனார். பள்ளிக்கூடத்துக்குப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் தெரு முக்கில் எதிர்ப்பக்கம் திரும்பினார். துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பின்னால் போனேன். நான் கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்தார், நிற்கவில்லை. காவல் நிலையம் வரைக்கும் மூன்று பேரும் முன்னும் பின்னுமாக நடந்தோம்.

நிலையத்தில் அவர் தன் பெயரையும், தான் கோயிலில்தான் இருந்ததாகவும், கையில் ஆவணம் எதுவும் இல்லை என்றும் சொன்னார். உதவி ஆய்வாளர் என்னைப் பார்த்தார். "உங்க மேல வெச்ச நம்பிக்கையக் கெடுத்துப்போட்டீங்களே" என்றார். அதன் பிறகு மதன்குமாருக்கும் பழனியாத்தாளுக்கும் ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். பெண் காவலர் ஒருவர் வர்ஷினிக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்து, யாருடன் இருக்க விருப்பம் என்று கேட்டார். குழந்தை பிஸ்கட்டைப் பிரிக்க ஆரம்பித்தது. ஆனால் பழனியாத்தாள் உள்ளே வந்ததும் ஓடிப்போய் அவருடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு வியாழக்கிழமையா அப்பத்தா?" என்று கேட்டது. மதன்குமார் தன் தாயாரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பழனியாத்தாள் உதவி ஆய்வாளரிடம், "புள்ளைய ஆரும் கடத்துலீங்க. ஆறு மாசமா நாந்தான் போயிப் பாத்துட்டு வாரனுங்க. அது அவங்காத்தாகிட்ட இருக்குது. அங்கயே இருக்கட்டுமுங்க" என்றார். பிறகு மகனிடம், "வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்" என்றார். குழந்தை சம்பந்தப்பட்ட புகாரைத் திரும்பப் பெறுவதாக மதன்குமார் எழுதிக் கொடுத்தார். எழுதும்போது பேனா நின்றுபோனது. என் பேனாவைக் கொடுத்தேன். போகும்போது திருப்பிக் கொடுத்தார். அவரைப் பற்றிக் குறையாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

ஆனால் சுகந்தினி தன் வாயால் சொன்னதை அப்படியே விட முடியாது என்று உதவி ஆய்வாளர் சொன்னார். அவருக்கும் அதில் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை. வெளிநாட்டினர் சட்டப்படி வழக்குப் பதிந்து, மறுநாள் நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தினார்கள். வழக்கறிஞர் ரிஃபானா வாதாடியதன் பேரில், தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் நகரத்தில் உள்ள பெண்கள் காப்பகம் ஒன்றில் தங்கவைக்க உத்தரவானது. முகாம் பதிவேட்டில் பெயரைத் திரும்பச் சேர்க்கக் கேட்கும் மனு ஆகஸ்டில் விசாரணைக்கு வருகிறது. பள்ளிக்கூடம் தூரமாகிவிட்டதால் வர்ஷினி தற்சமயம் போவதில்லை.

12.7.2024 அன்று பங்குப் பேரவை என்னை உபதேசியார் வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. சாவிகளை ஒப்படைத்துவிட்டேன். அன்று மாலை பங்குச்சாமி வீட்டுக்கு வந்தார். டீ குடித்துவிட்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி, சனிக்கிழமை மேசை தொடர்ந்து நடக்கும் என்றும், எனக்கு முடிந்தால் வரலாம் என்றும் சொன்னார். என் மனைவி, "இனியாவது சனிக்கிழமை ஊட்ல இருங்க" என்றாள். சனிக்கிழமை போய்விட்டேன். பதினான்கு பேர் வந்திருந்தார்கள்.

16.7.2024 செவ்வாய்க்கிழமை காப்பகத்துக்குப் போய் சுகந்தினியைப் பார்த்தேன். அங்கே பழனியாத்தாளும் இருந்தார். இரண்டு பஸ் மாறி வந்ததாகச் சொன்னார். வழக்கறிஞர் கொடுத்தனுப்பிய புதிய படிவத்தை எழுத உட்கார்ந்தோம். பிறந்த இடம் என்ற கட்டத்தில் எப்போதும் போல இலங்கை அகதி முகாம் என்று எழுதப் போனேன். சுகந்தினி என் கையைத் தடுத்தார். "காங்கேயம் அரசாங்க ஆஸ்பத்திரி எண்டு எழுதுங்கோ ஐயா. அம்மா என்னை அங்கதான் பெத்தவ. அது பொய்யில்லைத்தானே" என்றார். அப்படியே எழுதினேன். அடுத்த கட்டத்தில் எந்த நாட்டுக் குடிமகள் என்று கேட்டிருந்தது. அதை இரண்டு பேருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். பிறகு பழனியாத்தாள், "எம்மருமவள்னு எழுதுங்க" என்றார். அப்படி எழுத முடியாது என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்தை வெறுமனே விட்டு, கீழே சுகந்தினியிடம் கையெழுத்து வாங்கினேன்.

7.7.2024 அன்று நான் கையெழுத்திட்ட தாளில் உள்ளது உண்மையல்ல; அதற்கு என்ன தண்டனையோ அதை ஏற்கிறேன். இன்று இங்கே சொன்னது முழுவதும் நான் கண்டதும், கேட்டதும், செய்ததும்தான். படித்துக் காட்டக் கேட்டு, சரி என்று ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ச. இன்னாசி
18.7.2024