எச்சில் சொன்ன உறவு

எங்கள் தெருவில் கரண்ட் போனால்கூட, எப்போது வரும் என்று இந்த ஃப்ளோரன்ஸ் டீச்சரைத்தான் கேட்பார்கள். முப்பது வருடம் அறிவியல் நடத்தியவள் அல்லவா. நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார்.

எதிர் வீட்டுப் பட்டுத்தறிக் குடும்பத்தில் பச்சையப்பன், பரசுராமன் என்று அண்ணன் தம்பி. அக்கா ரேணுகாம்பாளை அண்ணனுக்கும், தங்கை பூங்காவனத்தைத் தம்பிக்கும் ஒரே பந்தலில் கட்டிவைத்தார்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. அண்ணன் மகன் அஜித்குமார் பெங்களூரில் எச்சிலைக் கொடுத்துத் தன் மரபணுவைச் சோதித்து, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும் ஒரு பொதுத் தளத்தில் ஏற்றியிருந்தான். தம்பி மகள் காவ்யாவுக்கு அப்போது சேத்துப்பட்டில் மாப்பிள்ளை நிச்சயம் ஆகியிருந்தது. கல்யாணப் பரிசு என்று அதே சோதனைப் பெட்டியை வாங்கிக் கொடுத்தேன். குழாயில் துப்பித் தந்தாள். தளத்தில் ஏற்றியது நான். அவளைக் கேட்கவில்லை, கல்யாண வேலையில் இருக்கிற பெண்ணை எதற்குத் தொந்தரவு செய்வது.

பெரியப்பா மகனுக்கும் சித்தப்பா மகளுக்கும் மரபணுவில் எட்டில் ஒரு பங்குதான் ஒத்துப்போக வேண்டும். இவர்களுக்குக் கால் பங்கு. ஒரே அப்பா, வேறு அம்மா என்றால் அப்படி வரும் என்று தளத்திலேயே போட்டிருந்தது. பூங்காவனம் பச்சையப்பனுக்குச் சோற்றை அழுத்திப் பரிமாறுவதை நானே பார்த்திருக்கிறேன். பால் வாங்கும் இடத்தில் இரண்டு பேரிடம் மட்டும் சொன்னேன். சேத்துப்பட்டுக்கு யார் கொண்டுபோனார்களோ, நிச்சயம் முறிந்தது. பரசுராமன், தன் மனைவி கையால் தண்ணீர் வாங்குவதையும் நிறுத்திவிட்டான்.

இன்னும் உறுதியாகச் சொல்லலாமே என்று தளத்துக்காரர்களுக்கு எழுதியிருந்தேன். திங்கட்கிழமை பதில் வந்தது. அண்ணன் தம்பி, அக்கா தங்கையைக் கட்டினால் பிள்ளைகளுக்கு இரண்டு வழியிலும் உறவு, கால் பங்கு வருவதுதான் முறை, சந்தேகப்பட ஒன்றுமில்லை. இரண்டு தடவை படித்தேன்.

புதன்கிழமை பூங்காவனம் வந்தாள். உட்காரவில்லை.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. ஊரே என்னப் பாத்து சிரிச்சிகினு கீது. அந்த மிஷினு தப்பா சொல்லுமாங்க?"

"மிஷினுக்கு உன் மேல என்னம்மா விரோதம்? அது தப்பா சொல்லாது."

"அப்ப நான்தான் பொய்யா, டீச்சர்?"

காபி குடிக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டாள். மறுநாள் காலை கிணற்றிலிருந்து எடுத்தார்கள்.

அந்தப் பதில் இதோ, என் போனில் இருக்கிறது. அழிக்கவில்லை. சொன்னதை மாற்றிச் சொன்னால் தெருவில் என்னை யார் மதிப்பார்கள், சார். ஆனால் அவளிடம் நான் பொய் சொல்லவில்லை. மிஷின் சரியாகத்தான் சொன்னது. டீச்சர் தப்பாகச் சொல்வார்களா என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.